கையில் ரப்பர் வார்... வாயில் வராத பால்மரம்



ஆடம்பரக் கைக்கடிகாரம் சேகரிப்போர் நம்மிடையேயும் பெருகிவிட்டனர். முக்குளிப்போருக்கென உருவான கடிகாரத்தைப் பல்லாயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்குவது. பிறகு அதன் எஃகுப் பட்டையைக் கழற்றிவிட்டு ரப்பர் வார் மாட்டுவது. இதுதான் இப்போதைய மோகம். இரண்டு சிறு ஊசிகளைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. அவரவர் பணம், அவரவர் மணிக்கட்டு. அதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறு. மாணவர்களைக் கோலாகங்சாருக்கு அழைத்துச் சென்று அங்குள்ள பழைய ரப்பர் மரத்தைக் காட்டலாம், பால்வெட்டைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதச் சொல்லலாம் என்று பெற்றோரிடம் கூறினேன். தந்தை ஒருவர் குறுக்கிட்டார். "தோட்டத்துக் கதையெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு டீச்சர்? அதிலிருந்து வெளியே வரத்தானே இவ்வளவு பாடுபட்டோம்?" என்றார். சொன்னவரின் கையில் பளபளக்கும் கடிகாரம். அதில் கறுப்பு ரப்பர் வார்!

அவர் மனக்காயம் எனக்குப் புரியாமல் இல்லை. இருள் பிரியுமுன் பெரட்டு, கங்காணியின் ஏச்சு, அட்டைக்கடி, மழை பெய்தால் வருமானமில்லா நாள். யார்தான் அந்த வாழ்வைத் தம் பிள்ளைக்கு விரும்புவர்? ஆனால், வாழ வேண்டாம் என்பது வேறு. அறியவே வேண்டாம் என்பது வேறு.

1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டது நம் பேராக்கில்தான். ஜெலாப்பாங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படிப் பிறந்தவையே! மங்கில் சொட்டிய பாலில்தான் நம் அரிச்சுவடி தொடங்கியது.

அதே ரப்பரை 1980இல் ஹூப்லோ நிறுவனம் தங்கக் கடிகாரத்தோடு இணைத்தபோது உலகம் புருவம் உயர்த்தியது. 2015இல் ரோலெக்ஸும் வார்க்கடிகாரம் வெளியிட்டது. "அது செயற்கை ரப்பர் டீச்சர்" என்று விவரம் தெரிந்தோர் திருத்தக்கூடும். ஆம், இன்றைய வார்களில் பல செயற்கையே. சேகரிப்பாளர்க்கு அந்த வேறுபாடு தெரிகிறது. தம் பாட்டி எந்தத் தோட்டத்தில் எத்தனை மரம் வெட்டினார் என்பது தெரிகிறதா?

இன்னொன்றும் கவனித்தேன். வாரை எத்தனை முறை மாற்றினாலும், கழற்றிய எஃகுப் பட்டையை இவர்கள் எறிவதே இல்லை. பெட்டி, சான்றிதழ், கழற்றிய கண்ணிகள் என அனைத்தையும் பூட்டி வைக்கின்றனர். மூலப்பட்டை தொலைந்தால் விலை இறங்குமாம். கொக்கியில் பொறித்த எழுத்தைக்கூட உருப்பெருக்கி வைத்துப் பார்க்கின்றனர்! எஃகின் பூர்வீகத்துக்கு இவ்வளவு காவல். சொந்தப் பூர்வீகம் மட்டும் பிள்ளையின் காதில் விழக்கூடாதா?

கோலாகங்சார்ப் பயணத்தை நான் கைவிடப் போவதில்லை. பால்வெட்டுக் கத்தி பிடித்த தாத்தா பாட்டியர் உடன் வந்தால் மகிழ்வேன். என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். பழைய கத்தியோ மங்கோ வீட்டில் இருந்தால் அவர்களிடமே கொடுத்தனுப்புங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை.