மருதம்பட்டையும் உப்பும்

உதகைக்கு அடுத்த இத்தலாரிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனாருக்கு நெடுநாளாக இருதய பலவீனம். மேட்டில் நாலு அடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. இரவில் படுத்தால் இருமல். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு மருதம்பட்டைக் கஷாயம் ஒன்றையே நம்பலாம் என்று உறவினர் வற்புறுத்துகிறார்களாம். நம் அபிப்பிராயம் யாது என்று கேட்கிறார்.

மாத்திரையை நிறுத்தலாகாது. சுதேச வைத்தியத்தில் நமக்குள்ள அபிமானம் நேயர்கள் அறிந்ததே. ஆயினும் அதற்காக ஒருவருடைய தகப்பனாரைப் பணயம் வைக்க நமக்கு மனம் வரவில்லை.

மருதின் பெருமை பொய்யன்று. திருவிடைமருதூரின் தல விருக்ஷம் அது. அதன் பட்டையைப் பாலில் காய்ச்சி இருதய நோய்க்குக் கொடுக்கும்படி 11-ஆம் நூற்றாண்டில் வங்காளத்துச் சக்கரபாணிதத்தர் எழுதி வைத்தார். 1995-இல் இந்தூர் வைத்தியர்கள், நோய் முற்றிய 12 பேருக்குப் பட்டையின் சத்தைக் கொடுத்து நற்பலன் கண்டதாக வெளியிட்டார்கள். அவர்களும் மற்ற மருந்துகளை நிறுத்தவில்லை, கூடவே கொடுத்தார்கள். பின்னர் டில்லியில் 100 பேரிடம் 12 வாரம் சோதித்து 2016-இல் வெளிவந்த முடிவோ, இருதயத்தின் விசை கூடவில்லை என்கிறது. வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சீமை மருந்து என்று முகஞ்சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்நோய்க்கு நெடுங்காலம் வழங்கிய டிஜிடாலிஸும் ஒரு பச்சிலைதான். இங்கிலாந்தில் ஒரு கிழவியின் கைமருந்திலிருந்து அதைக் கண்டெடுத்து, 1785-இல் நூல் எழுதினார் டாக்டர் விதரிங். நீலகிரியிலும் அது பயிராயிற்று. அளவு சிறிது மிஞ்சினால் அவ்விலையே விஷம்; அளவை வரையறுக்கப் பாடுபட்டதே அவர் செய்த பேருபகாரம்.

இரு வைத்தியமும் ஒரே குரலில் பேசுவது பத்தியத்தில்தான். வீக்கமுள்ளவன் உப்பைக் குறைக்க வேண்டும் என்று சரகரும் சொன்னார். இன்றைய டாக்டரும் சொல்கிறார். உப்புக்காக 1930-இல் வேதாரணியத்துக்கு நடந்த தமிழ்நாட்டில், அதுவும் எருமைகளுக்கு உப்பு நீர் அளிப்பதையே பண்டிகையாகக் கொண்டாடும் படகர் ஊரில், இதைச் சொல்ல நமக்குச் சங்கடந்தான். என்ன செய்வது? ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் விலக வேண்டும். இந்துப்பு தீங்கற்றது என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் உப்பே. டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால், குளிருக்காகக் குடிக்கும் தேநீரும் அக்கணக்கில் சேரும்.

நாம் மிகவும் அஞ்சுவது அதிமதுரத்துக்கு. மலைக் குளிரில் இருமினால் சளி என்றே வீட்டார் எண்ணுவர். அதிமதுரக் கஷாயம் அடுப்பேறும். இந்நோயாளியின் இராத்திரி இருமல் பெரும்பாலும் நுரையீரலில் நீர் கோப்பதால் வருவது. அதிமதுரமோ உடம்பில் உப்பையும் நீரையும் மேலும் தேக்கி, பொட்டாசியம் சத்தைக் கரைத்துவிடும். டிஜிடாலிஸ் இனத்து மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது இரட்டிப்பு ஆபத்து.

நேயர் ஒரு தராசு வாங்கி, தினமும் காலையில் வெறும் வயிற்றில் தகப்பனாரை நிறுத்துக் குறித்து வரட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் சேர்கிறதென்று அறிந்து, அன்றே உதகைக்கு அழைத்துச் செல்லட்டும். மருதம்பட்டை கொடுத்தே தீர வேண்டும் என்று உறவினர் பிடிவாதம் செய்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும்.