மேகத்துல இருக்கு, கவலையில்லைன்னு சொல்றவங்களுக்கு...

மக்கா, இங்கிலாந்துல முதுகலை ஒரு வருஷப் படிப்புதான். செப்டம்பருக்குள்ள டெசர்ட்டேஷன் கொடுக்கணும். லைப்ரரில யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "எல்லாம் கிளவுட்ல இருக்கு, பயமில்ல." எனக்கு இந்தப் பதிலைக் கேட்டாத்தான் பயமா இருக்கு :-)

என் கட்சி இதுதான். சிங்க் வேற, பேக்கப் வேற. ஒரு கணினியில நடந்ததை மத்த கணினியிலயும் அப்படியே நடத்துறதுதான் சிங்க். நீங்க எழுதினாலும் போய்ச் சேரும், அழிச்சாலும் போய்ச் சேரும். மூணாவது அத்தியாயம் லேப்டாப்புல தெரியாம அழிஞ்சா, கொஞ்ச நேரத்துல வீட்டுக் கணினியிலயும் இருக்காது. டிராப்பாக்ஸ் இலவசக் கணக்குல அழிச்ச ஃபைலை 30 நாளைக்குள்ள மீட்கலாம். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியிலயும் அதே 30 நாள்தான். தொலைஞ்சதே 40-வது நாள்தான் தெரிய வந்தா?

கூகுள் டாக்ஸ் ஆளுங்க கதை இன்னும் மோசம். கணினியில டிரைவ் ஃபோல்டர்ல தெரியுற டாக்ஸ் ஃபைலை பென் டிரைவுல காப்பி பண்ணிட்டு நிம்மதியா தூங்குறாங்க. அந்த ஃபைலுக்குள்ள நீங்க எழுதின ஒரு வரி கூட கிடையாது. இணையத்துல இருக்கிற ஆவணத்தோட முகவரி மட்டும்தான் இருக்கு. கணக்கு போச்சுன்னா அது வெறும் கூடு. வேர்டு ஃபைலா டவுன்லோடு பண்ணினாத்தான் அது நகல்.

கணக்கு எப்படிப் போகும்னு கேக்காதீங்க. படிப்பு முடிஞ்சதும் மாணவர் கணக்கை மூடிடுற பல்கலைக்கழகங்கள் நிறைய. எனக்குத் தெரிஞ்ச ஒரு சீனியர் அண்ணன் தமிழ்ச் சிறுகதை வரைவு அத்தனையும் பல்கலைக்கழகக் கணக்குலயே வச்சிருந்தார். வேலை தேடுற அலைச்சல்ல எச்சரிக்கை மெயிலைப் பார்க்கலை. ஊர்ல தங்கச்சிக்குப் படிக்க அனுப்பின மூணு கதை மட்டும் அவங்க போன்ல இருந்து கிடைச்சது. மிச்சம் போயே போச்சு. ஆய்வேட்டுக்காவது பேராசிரியர்கிட்ட ஒரு பிரதி இருக்கும். நம்ம கதைக்கு யார்கிட்ட இருக்கு?

ஸ்க்ரிவனர்ல நாவல் எழுதுறவங்களும் கவனிக்கணும். மேக்ல அது ஒரே ஃபைலாத் தெரியும். உண்மையில நிறைய குட்டிக் குட்டி ஃபைல் அடங்கின ஃபோல்டர். பாதி ஏறும்போதே லேப்டாப்பை மூடிட்டு வேற கணினியில திறந்தா, பாதி புதுசு பாதி பழசாத்தான் வரும்.

தமிழுக்குன்னு தனியா ஒரு தலைவலியும் உண்டு. கொ, கோ, கௌ எழுத்துகளோட குறியை யூனிகோடுல ஒரே துண்டாவும் வைக்கலாம், ரெண்டு துண்டாவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், கணினிக்கு வேற வேற. மேக்கோட பழைய ஃபைல் அமைப்பு பேரை உடைச்சு வைக்கும், விண்டோஸ் கொடுத்ததை அப்படியே வைக்கும். அதனால 'கோடை'ன்னு பேர் வச்ச ஒரே கதை ரெண்டு ஃபைலா வந்து நிக்கலாம். எதுல நேத்து எழுதினது இருக்குன்னு நீங்கதான் தேடணும்.

அப்ப சிங்க்கே வேண்டாமான்னா, கண்டிப்பா வேணும். 2008-ல டிராப்பாக்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஆளாளுக்கு 'ஃபைனல் புதுசு 3'ன்னு பேர் வச்சு தனக்குத்தானே மெயில் அனுப்பிட்டிருந்தாங்க. அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லலை. சிங்க்கை வேலைக்கு வச்சுக்கோங்க, காவலுக்கு வைக்காதீங்க.

நான் சொல்றது இவ்வளவுதான்:

1. ஒரு நேரத்துல ஒரு கணினியில மட்டும் திறங்க. மூடினதும், ஏறி முடிஞ்சுதான்னு பார்த்துட்டு எழுந்திரிங்க.

2. வாரம் ஒரு தடவை, தேதி போட்ட தனி நகல் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல. எடுத்ததும் வயரைக் கழட்டிடுங்க.

3. சொந்த எழுத்து சொந்தக் கணக்குல. அதையும் எட்டிப் பாருங்க: ரெண்டு வருஷம் தொடாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பர்ல இருந்து நீக்க ஆரம்பிச்சாச்சு.

மூணு நகல், ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வேற இடத்துலன்னு ஒரு விதி உண்டு. பிரபலமாக்கினவர் பீட்டர் க்ரோக்னு ஒரு புகைப்படக்காரர். எழுதுறவங்களுக்கும் அது பொருந்தும். பத்து நிமிஷ வேலைதான் மக்கா, இந்த ஞாயித்துக்கிழமையே முடிச்சிடுங்க.

நீங்க எங்க, எத்தனை நகல் வச்சிருக்கீங்க? சொல்லிட்டுப் போங்க.