ஹோல்சாவும் கொஞ்சம் காஸ்ட் அக்கவுண்டிங்கும்

போன வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு முடிந்து கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது நண்பன் ஒருத்தன் சொன்னான். "பிளம்பருக்கெல்லாம் எதுக்குடா பிராண்டட் டூல்? இருக்கறதுலயே மலிவா வாங்கு. போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு வாங்கு. இதுக்குப் பேர்தான் காஸ்ட் கன்ட்ரோல்." எல்லோரும் சிரித்தோம், நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்பவுமே லேட்டாகத்தான் வரும் :-)

என் மாமா கோவையில் பிளம்பர். பேச்சு வந்ததே அவருடைய ஹோல்சாவைப் பற்றித்தான்.

ஹோல்சா தெரியாதவர்களுக்கு: ஒரு டம்ளரின் வாய் விளிம்பில் ரம்பப் பல் வெட்டினால் எப்படி இருக்கும், அதுதான். நடுவில் மெல்லிசாக ஒரு டிரில் பிட் இருக்கும். டிரில் மெஷினில் மாட்டி ஓட்டினால் வட்டத்தின் ஓரத்தை மட்டும் அறுத்து, நடுத்துண்டை வில்லை மாதிரி எடுத்துவிடும். உங்கள் வீட்டு சிங்க்கில் குழாய் நிற்கிற ஓட்டை, தண்ணீர் டேங்க்கில் பைப் நுழைகிற ஓட்டை எல்லாம் பெரும்பாலும் இதில் போட்டதுதான்.

போன வருஷம் மாமா ஒரு அபார்ட்மென்ட் வேலையில் இருந்தார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க்கில் மிக்ஸர் குழாய்க்கு 35 மி.மீ. ஓட்டை போட வேண்டும். ஹோல்சா வாங்கிக் கொடுத்தது காண்ட்ராக்டர், விலை 180 ரூபாய். மேலே பெரிய எழுத்தில் 'எம்42' என்று பொறித்திருந்தது. பாதி வட்டம் அறுக்கும்போதே பல் உதிர ஆரம்பித்தது. உதிர்ந்த பல் சந்தில் சிக்கி ஹோல்சா சட்டென்று நிற்க, மெஷின் மட்டும் சுற்றி மாமாவின் மணிக்கட்டைத் திருப்பிவிட்டது. பிட் விலகி சிங்க்கின் மேல்தட்டில் அரைச்சாண் நீளத்துக்குக் கோடு. நாலு நாள் மாமா வேலைக்குப் போகவில்லை. சிங்க்குக்கு 4,000 ரூபாயை காண்ட்ராக்டர் மாமாவின் கூலியில் பிடித்துக்கொண்டார்.

ஹோல்சா யார் வாங்கியது? காண்ட்ராக்டர். மிச்சம் பிடித்தது யார்? காண்ட்ராக்டர். நஷ்டம் யாருக்கு? இதைக் கேட்டால் "உனக்கு ஓட்டத் தெரியல" என்கிறார்கள்.

ஓட்டத் தெரியவில்லை என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வேகம் அதிகமானால் நல்ல ஹோல்சாவும் கருகிப் போகும். 35 மி.மீ. ஹோல்சாவைச் சாதாரண இரும்பில் நிமிஷத்துக்குச் சுமார் 250 சுற்றில் ஓட்ட வேண்டும், ஸ்டெயின்லெஸ்ஸில் அதில் பாதி. நம் வீட்டு டிரில் மெஷின் பலதும் முழு வேகத்தில் 2,500 சுற்றைத் தாண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இன்னொரு குணம் உண்டு. பல் அறுக்காமல் வெறுமனே தேய்த்தால் அந்த இடம் இன்னும் கெட்டியாகிவிடும். அதனால்தான் மெதுவாக ஓட்டி, அழுத்தம் விடாமல் கொடுத்து, கட்டிங் ஆயில் விட வேண்டும். மாமாவுக்கு இருபது வருஷ சர்வீஸ், டிரிக்கரை விரலால் அளந்து பிடிப்பார். ஆனால் மொட்டைப் பல்லை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அது தேய்க்கத்தான் செய்யும். தேய்த்த இடம் கெட்டியாகும், கெட்டியானதில் பல் இன்னும் மொட்டையாகும். மலிவு ஹோல்சாவில் இந்தச் சுழற்சி முதல் நிமிஷத்திலேயே தொடங்கிவிடுகிறது. இதில் கைத்திறமை என்ன செய்யும்?

நல்ல ஹோல்சா என்றால் என்ன? பைமெட்டல் என்பார்கள். உடம்பு வளைந்து கொடுக்கிற ஸ்டீல், பல் மட்டும் ஹை ஸ்பீடு ஸ்டீல். இரண்டையும் எலக்ட்ரான் பீம் வெல்டிங்கில் ஒட்டியிருப்பார்கள். அசல் எம்42 என்றால் பல்லில் 8 சதவீதம் கோபால்ட் இருக்கும். சூட்டிலும் கூர்மை நிற்பது அதனால்தான். மலிவு செட்டுகளில் பலதும் கார்பன் ஸ்டீல், சூடேறினால் பல் மெத்தென்று ஆகிவிடும். பெயின்ட் அடித்துப் பொறித்துவிட்டால் இரண்டும் கடையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இங்கேதான் நம் பாடம் வருகிறது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார் (2001-ல் நோபல் பரிசு கிடைத்தது). வாங்குபவருக்குத் தரத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத சந்தையில் நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது, மட்டமானது நல்லதை விரட்டிவிடும் என்பது அவருடைய வாதம். ஹார்டுவேர் கடைக்கு வந்து பாருங்கள். 180 ரூபாய்க்கே 'எம்42' கிடைக்கும்போது 550 ரூபாய் எம்42-ஐ யார் எடுப்பார்கள்?

இப்போது கணக்கு. மாமா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பார். காண்ட்ராக்டர் வாங்கிக் கொடுத்த 180 ரூபாய் ரகம் மொத்தம் 3. ஸ்டெயின்லெஸ்ஸில் போட்ட ஓட்டைகள், உருப்படியாக முடிந்தவை 8. ஆக ஓட்டைக்கு 67 ரூபாய் 50 காசு. பிறகு மாமா தன் காசில் 550 ரூபாய்க்கு ஒன்று வாங்கினார். இதுவரை 31 ஓட்டை. ஓட்டைக்கு 18 ரூபாய்கூட வரவில்லை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்பருக்குத் தனியாக 450 ஆனது உண்மைதான். அதைச் சேர்த்தாலும் 33 ரூபாயைத் தொடாது, ஆர்பர் அடுத்த ஹோல்சாவுக்கும் ஆகும். நாலு நாள் கூலியையும் 4,000 ரூபாயையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. காண்ட்ராக்டரும் சேர்க்கவில்லை, கேன்டீன் நண்பனும் சேர்க்கவில்லை. அதனால்தான் அவர்களுக்கு இது காஸ்ட் கன்ட்ரோல். செலவு எங்கேயும் குறையவில்லை சார், மெஷினைப் பிடித்திருப்பவர் கணக்குக்கு மாறியிருக்கிறது. புத்தகத்தில் ஒரு செலவை வேறொருத்தர் பெயரில் எழுதினால் நம் வாத்தியார் மார்க் போடுவாரா?

எல்லாவற்றுக்கும் விலை கூடியதை வாங்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பிளைவுட், ஜிப்சம் போர்டு, பிளாஸ்டிக் டேங்க் எல்லாவற்றுக்கும் மலிவு செட் தாராளமாகப் போதும். விட்ரிஃபைடு டைல்ஸ், கிரானைட்டுக்கு பைமெட்டலே ஆகாது. அதற்கு வைரத்தூள் பதித்தது வேண்டும், தண்ணீர் விட்டு ஓட்ட வேண்டும். இதையெல்லாம் சொல்லி விற்கிற கடைக்காரர் அபூர்வம். "எல்லாத்துக்கும் போடலாமுங்க" என்று ஒரே பெட்டியை நீட்டுபவர்கள்தான் அதிகம். 16 துண்டு 400 ரூபாய் என்றால் நமக்கும் ஆசைதான். அந்தப் பதினாறில் நமக்கு வேண்டியது மூன்றோ நாலோதான் இருக்கும்.

மாமாவோடு கடைக்குப் போனபோது அவர் பார்த்ததைச் சொல்கிறேன். பல் வரிசைக்குக் கீழே வெல்டிங் கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பல் இடம் வலமாக மாறி மாறிச் சாய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். ஆர்பரில் மாட்டிச் சுழற்றி ஆட்டம் இருக்கிறதா பார்த்தார், ஆடினால் ஓட்டை பெரிதாகிவிடும். பெரிய சைஸுக்கு ஆர்பரில் இரண்டு பின் இருக்க வேண்டுமாம், இல்லையென்றால் மரை இறுகிக் கழற்ற முடியாது. எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொன்னார். கடைப் பையன் பொறுமையாகத்தான் நின்றான். "இத்தன பார்த்து யாருமே வாங்க மாட்டாங்கண்ணா" என்றான் மாமாவிடம்.

காண்ட்ராக்டர்களுக்கு ஒன்று. டூலை நீங்கள் வாங்கினால் அதனால் வருகிற சேதமும் உங்கள் கணக்கு. தொழிலாளியே கொண்டுவர வேண்டுமென்றால் பாயின்ட் ரேட்டில் டூல் தேய்மானத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். மெஷினுக்கு டிப்ரிஸியேஷன் போடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒன்று: பத்தாயிரம் ரூபாய் சிங்க் வாங்கினால், அதை எந்த ஹோல்சாவில் அறுக்கப் போகிறார்கள் என்று ஒரு தடவை கேளுங்கள்.

மாமாவின் பெட்டியில் இப்போது நாலே நாலு பைமெட்டல் இருக்கின்றன, 22, 25, 32, 35. பழைய துணியில் எண்ணெய் தடவிச் சுற்றி வைத்திருக்கிறார். அந்த 4,000 ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை.