வீக் எண்டு ஹோம்ஸ்டே போறீங்களா? அந்த வீட்டுல வீட்டுக்காரங்க இருக்காங்களானு கேளுங்க!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனைப் பார்த்திருக்கீங்களா? முதுகில் பேக், கையில் போன் என இளைஞர் கூட்டம் கிளம்பிக்கிட்டே இருக்கும். ஈ.சி.ஆர் ரிசார்ட் போரடிச்சுப்போய், 'பழைய வீடு ஒண்ணுல தங்கணும்டா' என்று தேடுறவங்களும் அதில் உண்டு.

அவங்களுக்கு செட்டிநாடு இப்போ இன்னும் பக்கம். 2025 ஏப்ரல் 6-ம் தேதி, புதிய பாம்பன் பாலத்தோடு சேர்த்துத் தொடங்கிவைக்கப்பட்ட தாம்பரம் - ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வழியாகத்தான் போகிறது. மாலையில் ஏறினால், விடியும் முன்னே இறங்கிடலாம்.

அங்கே ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைப்புறம் என்று நீளும் வீடுகள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், நடுவில் வானம் தெரியும் முற்றம். அதைச் சுற்றி, கல்யாணமான மகன்களுக்குத் தலா ஓர் அறை. காரைக்குடி பங்களா, கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ் எல்லாம் இன்று விருந்தினர் தங்கும் இடங்கள். அழகுதான். ஆனா, இவை ஹெரிடேஜ் ஹோட்டல்கள். ஹோம்ஸ்டே வேறு.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' திட்டப்படி, வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே வசிக்கணும். 1 முதல் 6 அறைகள் வரை, மொத்தம் 12 படுக்கைகளுக்கு மேல் கூடாது. சாவியை வாட்ஸ்அப்பில் 'பூந்தொட்டிக்கு அடியில இருக்கு' என்று சொல்லிவிட்டு மறையும் இடம் இந்தக் கணக்கில் வராது.

அப்போ செட்டிநாட்டில் நிஜ ஹோம்ஸ்டே ஏன் பெருகலை? ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். பலர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்காங்க. கல்யாணம், படைப்புனாதான் கதவு திறக்கும். அறை வாடகைக்கு விட எல்லாரும் சம்மதிக்கணும். சம்மதிக்காத வீடு மழையில் ஒழுகி, கடைசியில் தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைக்கு வந்துடுது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் கூரையைத் தாங்காதே!

2025 மத்திய பட்ஜெட் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால், முத்ராவின் உச்சவரம்பே 20 லட்சம் ரூபாய். இரண்டு அறை உள்ள ஓட்டு வீட்டுக்கு அது பெரிய கைகொடுப்பு. ஆயிரம் ஜன்னல் மாதிரி மாளிகைக்கு யானைப்பசிக்குச் சோளப்பொரி. பங்காளிகளை ஒரே மேஜையில் உட்காரவைக்கவும் எந்த வங்கியாலும் முடியாது.

நம்மால் முடிஞ்சது ஒண்ணு இருக்கு. புக் பண்ணும் முன் மூணு கேள்வி கேளுங்க: வீட்டுக்காரங்க அங்கேயே இருக்காங்களா? சமையல் அந்த வீட்டு அடுப்பிலேயா? அரசுப் பதிவு இருக்கா? மூணுக்கும் 'ஆமா' என்றால், பாத்ரூம் முற்றத்தைத் தாண்டி இருந்தாலும் முகம் சுளிக்காதீங்க. காலையில் வெள்ளைப் பணியாரத்தோடு அந்த வீட்டு ஆச்சி சொல்ற ரங்கூன் கதை எந்த ஹோட்டல் மெனுவிலும் கிடையாது. நீங்க கொடுக்கிற வாடகையில் நாலு ஓடு மாறினால், அடுத்த மழைக்கும் அந்த வீடு நிக்கும்.