கொடுத்தவர்களும் சோதித்தவர்களும்



2021 ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்து குவிந்திருக்கும். "அவசரம். பி பாசிட்டிவ் பிளாஸ்மா தேவை. கொரோனாவிலிருந்து மீண்டவர்கள் உடனே அழைக்கவும்." கீழே ஒரு மருத்துவமனையின் பெயர், ஒரு கைபேசி எண். கூப்பிட்டால் மறுமுனையில் அழுகை கேட்கும்.

அப்படி ஊரே அலைந்துகொண்டிருந்தபோது, பிளாஸ்மா உயிரைக் காக்குமா என்ற கேள்விக்கு நம் நாட்டு மருத்துவர்கள் பதில் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய அந்த ஆய்வின் பெயர் 'பிளாசிட்'. 2020 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, 39 மருத்துவமனைகள், 464 நோயாளிகள். யாருக்குப் பிளாஸ்மா, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். பிளாஸ்மா பெற்றவர்களுக்கு 200 மில்லி வீதம், ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை. 28 நாள் கழித்துக் கணக்கெடுத்தால், நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம், பெறாதவர்களில் 18. பிளாஸ்மா ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்கு மூச்சுத்திணறலும் சோர்வும் சற்று முன்னதாகத் தணிந்தது உண்மை. உயிரிழப்பு மட்டும் குறையவில்லை. காரணமும் ஓரளவு தெரிந்தது: பிளாஸ்மாவின் வழியே தர நினைத்த எதிர்ப்பொருள், மருத்துவமனைக்கு வந்துசேர்வதற்குள் பெரும்பாலானோர் உடம்பில் தானாகவே ஊறத் தொடங்கியிருந்தது. கொடையாளர்கள் பலரின் பிளாஸ்மாவிலோ அது குறைவாகத்தான் இருந்தது.

குலுக்கல் எதற்கு, எல்லோருக்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் அப்படித்தான் பல்லாயிரம் பேருக்குக் கொடுத்தார்கள், ஒப்பிட இன்னொரு குழு இல்லாமலே. 2020 ஆகஸ்டில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் தலைவர், இதனால் 100 பேரில் 35 பேர் பிழைத்திருப்பார்கள் என்று மேடையில் சொன்னார். மறுநாளே, தன்மீது வந்த விமர்சனம் நியாயம்தான் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பிரிட்டனில் 'ரெகவரி' ஆய்வு 11,558 பேரிடம் சோதித்தது. பிளாஸ்மா பெற்றவர்கள், பெறாதவர்கள் இரு பக்கமும் 24 சதவீத மரணம்.

தொற்று வேகமாகப் பரவிக்கொண்டிருக்கையில், பாதுகாப்பு உடையின் புழுக்கத்துக்குள் நின்று, நம் நாட்டின் இத்தனை ஊர் மருத்துவமனைகள் ஒரே விதிப்படி ஒரு கேள்விக்கு விடை தேடியதை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை. விடை வந்த பிறகும் ஏழு மாதம் பிளாஸ்மா, நம் நாட்டின் கொரோனா சிகிச்சை வழிகாட்டியில் தொடர்ந்தது. 2021 மே 17ஆம் தேதிதான் நீக்கப்பட்டது. அதற்குள் எத்தனை குடும்பங்கள் நடுராத்திரியில் கொடையாளரைத் தேடி ஓடின! அந்தத் தாமதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பிளாஸ்மா கொடுத்த வாசகர் ஒருவர் "அப்படியானால் நான் கொடுத்தது வீண்தானா?" என்று எழுதியிருக்கிறார். ஒரு மணி நேரம் போலக் கையை நீட்டி உட்கார்ந்திருக்க, இயந்திரம் ரத்தத்தை இழுத்து, மஞ்சள் திரவத்தை மட்டும் பையில் பிடித்துக்கொண்டு, சிவப்பணுக்களை உடம்புக்கே திருப்பி அனுப்பியிருக்கும். நோயிலிருந்து அப்போதுதான் எழுந்தவர்கள் செய்த காரியம் அது. ஐயா, உங்களைப் போன்றவர்கள் கொடுத்திராவிட்டால் சோதிப்பதற்கே ஒன்றும் இருந்திருக்காது. எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றிய நோயாளிகளுக்கு, எதிர்ப்பொருள் செறிந்த பிளாஸ்மா பயன்படலாம் என்ற கதவை மருத்துவ உலகம் அதற்குப் பிறகும் சாத்திவிடவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்