காணாமல் போன கும்பகோணம் தொகுதி

தாராசுரத்துக்காரரிடம் உங்கள் எம்.பி. தொகுதி எது என்று கேட்டால் மயிலாடுதுறை என்பார். கும்பகோணம் கூப்பிடு தூரத்தில் இருக்க, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊரின் பெயர்!

முன்பு அப்படியில்லை. 1952 முதல் தேர்தலிலேயே கும்பகோணம் என்ற பெயரில் மக்களவைத் தொகுதி இருந்தது. 1957, 1962ல் காங்கிரசின் சி.ஆர்.பட்டாபிராமன் ஜெயித்தார். சர் சி.பி.யின் மகன், மத்திய அமைச்சராகவும் இருந்தவர்.

1967, 1971ல் தி.மு.க.வின் இரா.செழியன். நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி என்பது அவருக்குச் சின்ன அறிமுகம்தான். நெருக்கடி நிலையை எதிர்த்தவர். அதை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கை கண்ணில் படாமலே போய்விட, தன்னிடம் இருந்த பிரதியை வைத்து 2010ல் மறுபதிப்புக் கொண்டுவந்தவர். அப்படி ஒருவரை அனுப்பிய தொகுதி 1977 தேர்தலுக்கு முந்தைய மறுசீரமைப்பில் கலைந்தது. அந்தத் தேர்தலில் மயிலாடுதுறையில் ஜெயித்தவர் பெயர், வேடிக்கையைப் பாருங்கள், குடந்தை ராமலிங்கம்!

பெயரில் என்ன இருக்கிறது என்பார்கள். மயிலாடுதுறை 2020ல் தனி மாவட்டமாகிவிட்டது. இந்த எம்.பி. தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் மூன்றும் தஞ்சை மாவட்டத்தில் இருக்கின்றன. ஒரே எம்.பி. இரண்டு கலெக்டர் அலுவலகங்களுக்கு அலைய வேண்டும்.

மறுசீரமைப்பு என்றாலே தமிழ்நாட்டுக்கு எத்தனை சீட் குறையும் என்றுதான் பேச்சு. கவலை நியாயமானதே. ஆனால் கோடு எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும்போது, கும்பகோணத்தைத் திருப்பிக் கேட்டு மனுக் கொடுக்கத் தாராசுரத்திலும் நாலு பேர் இருக்க வேண்டும்.