இல்லக் கணக்கும் கைபேசியும்



கோபுரம் கட்டுவோன் முதலில் அமர்ந்து கணக்கிடுவதை ஆண்டவர் சுட்டிக்காட்டினார் (லூக். 14:28). இன்று நம் இல்லங்களில் கைபேசிச் செயலி கணக்கெழுதுகின்றது. நல்லதே. 2016-இல் யு.பி.ஐ. வந்தபின் பணம் கைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. செயலியோ தேநீர்க்கடைப் பத்து ரூபாயையும் காட்டக்கூடும். ஆயினும், வங்கியின் குறுஞ்செய்தியைப் பார்த்துக் கணக்கெழுதும் செயலி, ரொக்கமாய்க் கொடுத்த சீட்டுப் பணத்தையும் கந்துவட்டியையும் அறியாது. அவற்றை நாமே எழுதவேண்டும். இல்லங்களில் பெரும்பாலும் மறைக்கப்படுவனவும் அவையே!

நம்மை வருத்துவது வேறொன்று. கணக்கு முழுவதும் கணவரின் கைபேசிக்குள், கடவுச்சொல்லால் பூட்டிக் கிடக்கின்றது. நகை அடகுபோனதை, ஏல அறிவிப்பு வீடுதேடி வந்தபின் மனைவி அறிந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். ஆதலின், மாதத்தின் முதல் ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் இருவரும் சேர்ந்தமர்ந்து அக்கணக்கைப் பாருங்கள். வட்டி, வாடகை, பள்ளிக்கட்டணம் ஆகியவற்றை முதலில் ஒதுக்குங்கள். வளர்ந்த பிள்ளைகளும் அருகில் இருக்கட்டும்.